ஆதுலர் சாலையும் மூலிகைக் காவும்

பண்டைத் தமிழக வரலாறு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன பெரும்பாலும் போர்க்களங்களும் பெருங்கோயில்களுமே. கடாரம் கொண்ட சோழனை நம் சிறுவர் அறிவர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் படத்திலேனும் கண்டிருப்பர். ஆயின், அப்போர்க்களத்தில் புண்பட்டவனுக்கு மருந்திட்டவர் யார்? கோயிலுக்குக் கல் சுமந்தவன் காய்ச்சலில் வீழ்ந்தபோது அவனுக்குக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தவர் யார்? அக்குடிநீருக்கு வேண்டிய வேரையும் பட்டையையும் எங்கிருந்து கொணர்ந்தனர்? இவற்றைக் கேட்பின் விடை சொல்வார் நம்முள் சிலரே. இவ்வினாக்களுக்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் தரும் விடையைச் சங்கத்தின் இவ்வாண்டு மலர் வாயிலாக நம் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நாம் இன்று வாழும் வரதய்யபாளையம் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியது. அண்மையிலுள்ள சத்தியவேட்டுப் பகுதி, 1960இல் நிகழ்ந்த எல்லை மாற்றத்தால் செங்கற்பட்டு மாவட்டத்தினின்று ஆந்திரத்தோடு சேர்ந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகட்கு முன்னர் இவ்வட்டாரம் தொண்டை மண்டலத்தின் வடபகுதியாக விளங்கிற்று. ஆகவே தொண்டை மண்டலத்து மருத்துவ வரலாற்றை நாம் பேசுவது அயலார் வரலாற்றைப் பேசுவது ஆகாது. நாம் நடக்கும் மண்ணின் வரலாற்றையே பேசுவதாகும்.

ஆதுலர் சாலை

நோயுற்றோரைப் பண்டையோர் ஆதுலர் என்றனர். அவர்கள் தங்கி மருந்துண்ணும் இடம் ஆதுலர் சாலை எனப்பட்டது. மருத்துவத் தொழில் செய்வார்க்கு விடப்பட்ட நிலம் மருத்துவக் காணி என்றும் வைத்தியக் காணி என்றும் பெயர் பெற்றது. முதல் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், தம் தந்தையின் பெயரால் விளங்கிய சுந்தரசோழ விண்ணகரத்தில் ஆதுலர் சாலை ஒன்றை அமைத்து, அதன் மருத்துவருக்கு நிலக்கொடை அளித்தனர். இது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையில் நிகழ்ந்தது. திருவரங்கத்துக் கோயிலில் இருந்த ஆரோக்கிய சாலை 1493இல் செப்பனிடப்பட்டதையும், அங்கே தன்வந்திரி சந்நிதி அமைந்ததையும் மற்றொரு கல்வெட்டு உரைக்கின்றது. ஆயினும், ஒரு மருத்துவமனையின் உள்நிலையை முழுமையாகக் காட்டுவதில் திருமுக்கூடல் கல்வெட்டுக்கு நிகரானது தமிழகத்தில் வேறில்லை எனலாம்.

திருமுக்கூடல்

வாலாசாபாத்திற்கு அண்மையில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் திருமுக்கூடல். நம் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுதான். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் காலம் கி.பி. 1068ஐ ஒட்டியதாகும். 1915இல் கல்வெட்டுத் துறையினர் அதனைப் படியெடுத்தனர். வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கொண்டு அக்கோயிலில் நடைபெற வேண்டிய செலவுகளை அது வரிசைப்படுத்திச் சொல்கின்றது. கோயில் வழிபாடு, வேதமும் இலக்கணமும் பயிலும் கல்லூரி, மாணவர்க்கு உணவும் உறையுளும், நோயாளர்க்கு மருத்துவமனை ஆகிய அனைத்தும் ஒரே கணக்கில் அடங்கியுள்ளன. கல்லூரியும் மருத்துவமனையும் சனநாத மண்டபத்தில் இயங்கின. மருத்துவமனையின் பெயர் வீரசோழன் என்பது. அங்கே 15 நோயாளர் படுத்து மருத்துவம் பெற வழி செய்யப்பட்டிருந்தது.

ஊதியப் பட்டியல்

புகைவண்டித் துறையில் ஊதியப் பட்டியல்களையும் சரக்குக் கணக்குகளையும் எழுதிப் பழகிய நமக்கு, இக்கல்வெட்டு பெருவியப்பை அளிக்கின்றது. ஓர் அலுவலகத்தின் ஆண்டுக் கணக்கைப் போலவே ஒவ்வொருவர் பணியும் ஊதியமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர். அவருக்கு ஆண்டொன்றுக்கு நெல் 90 கலமும் காசு 8ம் உரியன. அறுவை மருத்துவம் செய்பவருக்கு நெல் 30 கலம். மூலிகை கொணர்ந்து, விறகிட்டு, மருந்து சமைக்கும் இருவருக்கு நெல் 60 கலமும் காசு 2ம். நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவருக்கு நெல் 30 கலமும் காசு 1ம். நாவிதனுக்கு நெல் 15 கலம். நோயாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி.

நாழிக் கணக்கை நாம் கூட்டிப் பார்ப்போம். 15 நோயாளர்க்கு நாளொன்றுக்கு 15 நாழி. ஆண்டை 360 நாளாகக் கொண்டால் 5,400 நாழி. கலம் ஒன்றுக்குக் குறுணி 12, குறுணி ஒன்றுக்கு நாழி 8 எனக் கொள்ள, ஆண்டுக்கு அரிசி 56 கலமும் 3 குறுணியும் ஆகும். ஒரு சிற்றூரின் வருவாயிலிருந்து இதனை ஒதுக்கியோர், நோயாளி பசித்திருப்பின் மருந்து பயன்தராது என்பதை நன்கறிந்தோர் ஆவர்.

இனி, ஊதிய வேறுபாட்டைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். மூலிகை கொணர்வார் இருவருள் ஒருவர் பங்கு நெல் 30 கலமும் காசு 1ம் ஆகும். அறுவை மருத்துவருக்கும் நெல் 30 கலமே. காட்டிலும் ஏரிக்கரையிலும் அலைந்து வேர் பறிப்பவனும், கத்தி பிடித்துச் சிகிச்சை செய்பவனும் நெற்கணக்கில் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டனர். மூலிகை கொணர்பவனை விறகு சுமக்கும் கூலியாக மட்டும் அக்காலத்தார் கருதியிருந்தால் இவ்வாறு எழுதியிரார். பிழைபட்ட வேர் ஒன்று வந்து சேர்ந்தால் மருத்துவரின் புலமை முழுதும் வீணாகும் என்பதனை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்றே நாம் கொள்கின்றோம்.

மருந்துப் பட்டியல்

அம்மருத்துவமனையில் ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் கல்லில் பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ இருபது. பெயர்கள் பெரும்பாலும் வடமொழிப் பெயர்கள். ஆயின் அவற்றின் உள்ளிருக்கும் சரக்குகள் நம் வேலியோரத்துச் செடிகளே.

அரீதகி என்பது கடுக்காய். இருபது மருந்துகளுள் நான்கு கடுக்காயின் பெயரையே தாங்கியவை. வாசா அரீதகி என்பது ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. தசமூல அரீதகி பத்து வேர்களோடு கடுக்காய் சேர்ந்தது. அப்பத்தனுள் வில்வம், பாதிரி, குமிழ், முன்னை, கண்டங்கத்தரி, நெருஞ்சில் முதலியன அடங்கும். கோமூத்திர அரீதகியில் ஆவின் நீர் சேரும். பல்லாதக அரீதகியில் சேங்கொட்டை சேரும். வில்வாதி கிருதம் வில்வம் முதலியவை சேர்த்துக் காய்ச்சிய நெய். பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம் ஒன்றும் உண்டு. மண்டூரம் எனப்படும் இரும்புக் கிட்டத்தால் ஆன வடகமும், கலியாண லவணம் என்னும் உப்பு மருந்தும், பழைய நெய்யும் அப்பட்டியலில் இடம் பெறுகின்றன. நோயாளர் பருகும் நீருக்கு மணமூட்ட ஏலமும் வெட்டிவேரும் வழங்கப்பட்டன.

இவற்றுள் சேங்கொட்டையைப் பற்றி ஒரு சொல் எச்சரிக்கையாகக் கூறுதல் நம் கடன். அதன் நெய் மேனியில் பட்டால் கொப்புளம் எழும். முறைப்படி தூய்மை செய்யாது உட்கொண்டால் பெருந்தீங்கு விளையும். இயற்கையில் விளைந்தது ஆதலின் தீங்கற்றது என்று கருதுதல் தவறு. அதனாற்றான், சமைத்து முடித்த மருந்தைத் தேர்ந்த மருத்துவர் பொறுப்பில் ஓராண்டு இருப்பாக வைத்தனர். வந்தவர் தாமே பறித்துண்ணும்படி விட்டுவைக்கவில்லை.

தோட்டம் எங்கே?

இத்தனை மருந்துக்கும் வேண்டிய செடிகொடிகள் எங்கே வளர்ந்தன? மேலை நாட்டுத் துறவியர் மடங்களில் மருத்துவமனையை ஒட்டியே மூலிகைத் தோட்டம் அமைத்தனர். சுவிட்சர்லாந்திலுள்ள செயின்ட் கால் மடத்து நூலகத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரைந்த மடத்தின் வரைபடம் ஒன்று இன்றும் காக்கப்படுகின்றது. அதில் மருத்துவர் இல்லத்தின் அருகே 16 பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டம் வரையப்பட்டு, ஒவ்வொரு பாத்தியிலும் செடியின் பெயர் எழுதப்பட்டுள்ளது. ரோசா, அல்லியினம், புதினா ஆகியவற்றோடு வெந்தயமும் சீரகமும் பெருஞ்சீரகமும் அங்கே காணப்படுகின்றன. நம் இல்லத்து அஞ்சறைப் பெட்டியில் உள்ளவற்றுள் சில, ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன் ஆல்ப்சு மலைச்சாரலில் மருந்துப் பயிராகக் கருதப்பட்டன என்பது நம் பெண்மணிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

நம் நாட்டில் அத்தகைய வரைபடம் கிடைத்திலது. ஆனால் நம் சான்றுகளைத் தொகுத்து நோக்கின், நம் மூலிகைக் கா மூன்று இடங்களில் பரந்து கிடந்தமை புலனாகும்.

முதலாவது, ஊரும் கோயில் நந்தவனமும். பல்லவர் செப்பேடுகளில் செங்கொடிக் காணம் என்றொரு வரி வருகின்றது. அது மருந்துக்கு உதவும் செங்கொடிவேலியைப் பயிரிடுவதற்குச் செலுத்திய வரி என்பர் ஆராய்ச்சியாளர். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள், ஊருக்கு அளித்த உரிமைகளுள் தமனகம், மருவு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நட்டுக்கொள்ளும் உரிமையையும் எண்ணுகின்றன. இருவேலி என்பது வெட்டிவேர். இச்செடிகளை நடுதற்கே அரசனின் இசைவு வேண்டியிருந்தது எனின், அவற்றின் மதிப்பு எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

இரண்டாவது, காடும் மலையும் ஏரிக்கரையும். கடுக்காய் மரத்தைப் பாத்தி கட்டி வளர்ப்பதற்கு இல்லை. அது மலைக்காட்டில் ஓங்கி வளர்வது. ஆடாதோடையும் நொச்சியும் வேலியிலும் கரையிலும் தாமே செழிப்பவை. நெருஞ்சிலோ தரிசு நிலத்தில் படர்வது. இவற்றை உரிய பருவத்தில் அடையாளம் கண்டு பறிப்பதற்காகவே திருமுக்கூடலில் இருவரை ஊதியம் தந்து அமர்த்தினர்.

மூன்றாவது, மருந்துக் களஞ்சியம். பறித்ததை உலர்த்தி, நெய்யிலும் எண்ணெயிலும் காய்ச்சி ஓராண்டுக்கு இருப்பு வைத்தனர். மழை பொய்த்த ஆண்டிலும் நோயாளி மருந்தின்றித் திரும்பலாகாது என்பதே அதன் கருத்து.

மேலை நாட்டு மடத்தின் தோட்டத்துக்கு மதிலும் பெயர்ப்பலகையும் இருந்தன. நம் தோட்டத்துக்கு மதில் இல்லை. அதனை அறிந்த மனிதரே அதற்குப் பெயர்ப்பலகை. அம்மனிதர் மறைந்தால், செடி கண்முன்னே நின்றாலும் தோட்டம் மறைந்ததே ஆகும். இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

அயல் நாடுகளில்

இவ்வறம் தமிழகத்தோடு நின்றதில்லை. ஈழத்தில் மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த மருத்துவமனையின் அடித்தளம் இன்றும் காணப்படுகின்றது. நோயாளியை மருந்து நீரில் கிடத்துவதற்கென மனித உடலின் வடிவாகக் குடையப்பட்ட கல்தொட்டி அங்கே உள்ளது. கம்போச நாட்டில் ஏழாம் செயவர்மன் தன் நாடெங்கும் 102 மருத்துவமனைகளை நடத்தினான் என 1186ஆம் ஆண்டின் தா புரோம் கல்வெட்டு கூறுகின்றது. அவற்றுக்கு வேண்டிய சரக்குகள் அரசனின் களஞ்சியத்திலிருந்து ஆண்டுக்கு மும்முறை அனுப்பப்பட்டன.

ஆந்திர நாட்டில்

நம்மை வாழ வைக்கும் ஆந்திர நாட்டுக்கும் இதில் உயர்ந்த இடமுண்டு. காகதீய மரபில் வந்த அரசி உருத்திரமாதேவியின் காலத்தில், 1261இல் எழுந்த மல்காபுரம் கல்வெட்டு அதற்குச் சான்று. கணபதிதேவனும் அவன் மகள் உருத்திரமாதேவியும் விசுவேசுவர சிவாசாரியார் என்னும் பெரியாருக்கு மந்தடம், வெலகப்பூடி ஆகிய ஊர்களை வழங்கினர். ஆந்திரத் தலைமைச் செயலகம் எழுந்துள்ள வெலகப்பூடியே அவ்வூர். அவர் அங்கே கோயிலும் மடமும் கல்விச்சாலையும் நிறுவியதோடு, வருவாயின் மூன்றில் ஒரு பங்கினை மகப்பேற்று இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் அன்னசாலைக்கும் ஒதுக்கினார். பெண்டிரின் மகப்பேற்றுக்கெனத் தனி இல்லம் ஒன்று 1261இலேயே அமைந்தமை போற்றத்தக்கது. இன்னொன்றும் நாம் நினைவிற் கொள்ளல் தகும். அச்சிவாசாரியார் வங்க நாட்டிலிருந்து இங்கே குடியேறியவர். பிழைக்க வந்த மண்ணுக்கு ஒருவர் செய்யக்கூடிய கைம்மாறு எதுவென்பதை அவர் செய்து காட்டினார்.

இன்றைய நிலை

இனி நம் சுற்றுப்புறத்தை நோக்குவோம். மேற்கே உப்பலமடுகு அருவியைத் தன்பால் கொண்ட மலைகள். அவற்றுக்கும் அப்பால் சேசாசலத் தொடர். கடுக்காய் இனத்துள் ஒன்று இப்பகுதியின் மலைகட்கே சிறப்பாக உரியது. தெலுங்கர் அதனைத் தெல்ல கரக்காய என்பர். செஞ்சந்தனமும் இம்மலைகளின் செல்வமே. மருந்துக்கும் வண்ணத்துக்கும் பயன்பட்ட அம்மரம் இன்று கடத்தற் பொருளாகிவிட்டது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் காவற்படையினரால் சுடப்பட்டு மாண்ட 20 பேரும், செம்மரம் வெட்ட வந்தோர் எனச் சொல்லப்பட்ட தமிழகத்துக் கூலித் தொழிலாளரே. காட்டுப் பொருளின் விலை எங்கோ கடல் கடந்து உயர, காட்டுக்குள் செல்பவன் உயிரின் விலை தாழ்ந்துபோன காலம் இது. காட்டிலிருந்து வேர் கொணர்ந்தவனுக்கு 30 கலம் நெல்லும் ஒரு காசும் தந்து, அவன் பணியைக் கல்லில் எழுதிய காலத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது.

இவ்வட்டாரத்து இருளரும் யானாதியரும் செடிகொடிகளின் இயல்பை வழிவழியாக அறிந்தவர்கள். அவர்கள் கொணரும் மூலிகைக்குப் பெரும்பாலும் இடைத்தரகரே விலை வைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளி சென்று முன்னேறுதல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பெற்றோரின் அறிவு ஏட்டில் ஏறாமலே மறைந்துவிடுமாயின், அவ்விழப்பு அவர்க்கு மட்டும் உரியதன்று.

நம் வீடுகளிலும் இதே நிலைதான். முதியோர் ஆடாதோடை என்பர். தெருவில் அதனை அட்டசரம் என்பர். பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கோ இரண்டு பெயரும் தெரிவதில்லை. 2012இல் தமிழகத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கிற்று. அதன்பின் பலரும் நிலவேம்பைத் தேடினர். கடையில் பொடியாக வாங்கியோர் பலர். செடியைக் கண்டு இது நிலவேம்பு எனச் சொல்லத் தெரிந்தோர் சிலர்.

நாம் செய்யத் தக்கது

மருத்துவமனைக்குச் செல்லாமல் மூலிகையை மட்டும் நம்பியிருக்க வேண்டும் என நாம் கூறவில்லை. காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்லுதலே முறை. திருமுக்கூடலில் தக்க மருத்துவரைத் தேடி உயர்ந்த ஊதியம் தந்து அமர்த்திய முன்னோரும் அதனையே செய்தனர். நாம் காக்க வேண்டியது செடியையும், செடியின் பெயரையும், அதனை அடையாளம் காணும் கண்ணையும் ஆகும்.

இதற்காக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நம் குடியிருப்பில் பொதுவாகக் கிடக்கும் இடத்தில் 16 பாத்திகள் அமைப்போம். துளசி, ஆடாதோடை, நொச்சி, நிலவேம்பு, வெட்டிவேர், தூதுவளை, கற்பூரவள்ளி, புதினா முதலிய தீங்கற்ற, எளிதில் வளரும் செடிகளை அவற்றில் நடுவோம். ஓரத்தில் ஒரு வில்வக் கன்றை வைப்போம். ஒவ்வொன்றன் அருகிலும் தமிழிலும் தெலுங்கிலும் பெயர்ப்பலகை நிறுத்துவோம். நொச்சிக்கு வாவிலி, வில்வத்துக்கு மாரேடு, நிலவேம்புக்கு நேலவேமு, ஆடாதோடைக்கு அட்டசரம் என எழுதினால், நம் பிள்ளைகள் தெலுங்கு நண்பரோடு சேர்ந்து இரு மொழியிலும் ஒரு செடியை அறிவர். செடியை அடையாளம் காட்டுவதற்கு, அக்கம்பக்கத்தில் வாழும் யானாதி முதியவர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியமும் தந்து சிறப்பிப்போம். ஊதியம் தருதல் இன்றியமையாதது. இனாமாகப் பெறும் அறிவுக்கு மதிப்பு நிலைப்பதில்லை என்பதைத் திருமுக்கூடல் கல்வெட்டு நமக்குக் கற்பிக்கின்றது.

மாணவர்கள் ஞாயிறுதோறும் நீர் ஊற்றட்டும். ஒவ்வொரு செடியும் பூக்கும் மாதத்தையும் காய்க்கும் மாதத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். பத்தாண்டு கழித்து அக்குறிப்பேடே இவ்வூர்க்கு ஒரு சிறு வரலாற்று ஆவணமாகும்.

திருமுக்கூடலில் இன்று வீரசோழன் மருத்துவமனை இல்லை. 15 நோயாளர் படுத்திருந்த இடத்தில் எவரும் படுத்திருக்கவில்லை. ஆயினும் கோயிற் சுவரில் மருத்துவரும், பேணும் பெண்டிரும், மூலிகை கொணர்ந்த இருவரும் தத்தம் ஊதியத்தோடு இன்றும் நிற்கின்றனர். விடுமுறை நாளொன்றில் நம் குடும்பங்கள் அவ்வூருக்குச் சென்று அக்கல்வெட்டைக் கண்டு வருதல் நன்று. திரும்பி வந்து நம் குடியிருப்பில் ஒரு பாத்தியேனும் கொத்தி ஒரு செடியேனும் நடுவோமாயின், அதுவே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!